பதில் வந்த பிறகுதான் வெட்டணும்

அண்ணனா? யாரு, உள்ள ஏழாம் நம்பர் கட்டில்ல கெடக்கறானே, அவனா? நல்லாச் சொன்னீங்க போங்க. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லீங்க. சொந்தம் இல்லை, ஒரே ஊருகூட இல்லை. ஒம்பது நாளா அவனுக்கு மூத்திரச் சட்டி எடுக்கறேன். நான்! டம்ளரை மூணு தடவை அலசாம தண்ணி குடிக்காதவன். ஊட்டுல பொண்டாட்டி தலைமுடி ஒண்ணு சோத்துல கெடந்தாத் தட்டோட எந்திரிச்சுப் போறவன். எனக்கு வந்திருக்கற வேலையைப் பாருங்க.

காலையில வரைக்கும் கட்டிலோரமா ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தவன், இப்ப எதுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன்னுதானே கேட்டீங்க? கேக்க வேண்டியதுதான். சொல்றேன். உங்க மாமனாரைப் பாக்க டாக்டர் வர்றதுக்கு இன்னும் நேரமிருக்குதுங்களே. சித்தெ அக்கட்ட தள்ளி உக்காருங்க, அங்க யாரோ எச்சில் துப்பி வெச்சிருக்காங்க. ஆஸ்பத்திரியாம் ஆஸ்பத்திரி.

என்ற பேரு வெள்ளிங்கிரி. பல்லடம் ரோட்டுல ஒரு நூல் மில்லுல பத்தொம்பது வருசமா பிட்டர். பர்மனென்ட். உள்ள படுத்திருக்கறவன் பேரு அங்கமுத்து. அதே மில்லுல தோட்ட வேலை. காண்ட்ராக்ட் ஆளு. செடிக்குத் தண்ணி விடறது, சருகு கூட்டறது, சாக்கடை அடைச்சா குத்தி விடறது. என்னைவிட ரெண்டு வயசு மூப்பு. ஆனா அவன் என்னை வாங்க போங்கம்பான், நான் அவனை வா போம்பேன். அது அப்படியே பழக்கமாயிப்போச்சு, அதுக்கொண்ணும் காரணமில்லை.

ஆளைப் பாத்தீங்கல்ல? இப்பவாச்சும் நர்சம்மா தொடச்சு விடறாங்க. மில்லுல பாக்கணும் நீங்க. வாயில எந்நேரமும் பொகையில. ஒரு துண்டு வெச்சிருப்பான், அதுலயே மூக்கைச் சிந்துவான், அதுலயே சோத்துப் போசியக் கட்டுவான். எனக்குக் கொமட்டிக்கிட்டு வரும். அவன் மில்லுக்கு வந்த எட்டு வருசத்துல ஒருநாள் அவன் கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிச்சதில்லை நான். சுத்தமுங்க. சுத்தம் மட்டுந்தான். நீங்க வேற ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. ஆளு யாரு, என்ன ஏதுன்னெல்லாம் நான் பாக்கறவனில்லை.

மில்லுக்குள்ள நாப்பது தூங்குமூஞ்சி மரம் இருக்குதுங்க. அந்தக் காலத்து மொதலாளி வெச்சது. ஒவ்வொண்ணும் கோயில் மண்டபமாட்டம் விரிஞ்சு நிக்கும். போன ஆடிக் காத்துல ஒரு கொப்பு முறிஞ்சு சைக்கிள் ஸ்டாண்டு மேல விழுந்துச்சு. நல்லவேளை, ஷிப்டு நேரம், ஆளில்லை. உடனே வெளிய இருந்து கோடாலிக்காரங்களக் கூட்டியாந்தாங்க. அவனுக அஞ்சு மரத்தை மொட்டையடிச்சுப்போட்டுப் போனானுக. அடுத்த மழைக்கு வெட்டின எடத்துல கத்தை கத்தையா துளிரு வந்து, அதுவும் காத்துக்குப் பிச்சுக்கிட்டு விழுந்துச்சு. சரின்னு மேனேஜ்மென்ட்டுல முடிவு பண்ணினாங்க, நம்ம ஆளுங்களயே நாலு பேர மரம் ஏறிக் கவாத்துப் பண்ணப் பழக்கலாம்னு. உயரத்துக்குப் பயப்படாதவன் யாருன்னாங்க. மில்லுக் கூரைல ஏறிப் பைப்பு மாத்தறவன் நான், கையைத் தூக்கினேன். எலெக்ட்ரீசியன் ஒருத்தரு, வாட்ச்மேன் ஒருத்தரு. நாலாவது ஆளு இவன்.

சொல்லிக்குடுக்க வந்தது யாருன்னு நெனைக்கறீங்க? கோத்தகிரியில இருந்து ஒரு பொண்ணு. ஜெனோவான்னு பேரு. இருபத்தெட்டு வயசு இருக்கும், என்ற மூத்த பொண்ணைவிடப் பத்து வயசு எச்சா, அவ்வளவுதான். எஸ்டேட்டுல நெழல் மரம் கழிக்கற வேலை பாத்து, அப்பறம் அதுக்குன்னு படிச்சுட்டு வந்ததாம். தலையில ஹெல்மெட்டு, இடுப்புல வளைஞ்ச ரம்பம். வந்ததும் வராததுமா, “அண்ணா, மொத ஆறு நாள் யாரும் மரத்துல கால் வெக்கப் போறதில்லை”ன்னுச்சு.

ஆறு நாளுங்க! சின்னப்பிள்ளையாட்டம் தரையில உக்காந்து முடிச்சுப் போட்டோம். எட்டு மாதிரி வளைச்சுப் போடற முடிச்சாம். பிடிமுடிச்சாம். கையால தள்ளினா கயித்துல நகருமாம், நம்ம பாரம் விழுந்தாக் கவ்விக்குமாம். நான் லேத்து ஓட்டினவன். எனக்கு அது வரலை. நூல்ல வேலை செய்யறவனுக்குக் கயிறு வரலைன்னு வாட்ச்மேன் சிரிக்கறான். அங்கமுத்து இருக்கானே, அவனுக்கு ரெண்டாம் நாளே வந்திருச்சு. பந்தலுக்குக் கொடி கட்டின கையில்ல. கண்ண மூடிக்கிட்டுப் போடறான். அந்தப் பொண்ணு கை தட்டி, “அங்கமுத்து அண்ணா, இவருக்குச் சொல்லிக் குடுங்க”ங்குது.

அவன் என்ற கைமேல கை வெச்சு விரலைப் புடிச்சு முடிச்சுப் போட வெக்கறான். அந்தப் பொகையில வாடை மூஞ்சிக்கு நேரா. நகக்கண்ணுல எல்லாம் மண்ணு. நான் அன்னிக்கு மதியம் சோறு உங்கலை.

அதுக்கப்பறம் அந்தப் பொண்ணு மரத்தைச் சுத்திச் சுத்திப் பாக்கச் சொன்னா. ஏறறதுக்கு முன்னாடி கீழ நின்னு பாக்கணுமாம். அடியில காளான் மொளச்சிருக்குதா, பொந்து இருக்குதா, தேன்கூடு இருக்குதா, கரண்டு கம்பி எத்தனை அடியில போகுது, எந்தக் கொப்பு பட்டுப்போயிருக்குது. அரை மணி நேரம். மரத்தைப் பாக்கறதுக்கு அரை மணி நேரம்!

சரி, ஏறினோம். ஏறறது என்ன பெருமைன்னு நெனைக்கறீங்க? தொடைக்கு இடையில வார் போட்டுக் கட்டி, மாட்டைத் தூக்கற மாதிரி தூக்கித் தொங்க விடறாங்க. மரமும் ஒண்ணும் கீழ இருந்து பாக்கற மாதிரி அழகெல்லாம் இல்லீங்க. மேல போயிப் பாத்தாத்தான் தெரியும். காக்கா எச்சம் பொருக்குப் பொருக்கா. கவையில மழைத்தண்ணி தேங்கி, சருகு அழுகி, புழு நெளியுது. காயெல்லாம் பிசுபிசுன்னு கையில ஒட்டுது. கட்டெறும்பு சட்டைக்குள்ள போகுது. மொத நாள் ஒரு கம்பளிப்பூச்சியக் கையோட சேத்து அமுக்கிப்புட்டேன். ராத்திரி பூரா அரிப்பு. எனக்கு இந்த வேலையே அருவருத்துப் போச்சு. ஆனா விட்டுட்டுப் போனா அங்கமுத்து ஏறிட்டான், பிட்டரு ஏறலைன்னு பேரு வரும். அதனால ஏறினேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லீங்க. ரெண்டு சட்டம் போட்டா பாருங்க அந்தப் பொண்ணு, அதுதான் என்னால தாங்க முடியலை.

ஒண்ணு, ஏறறதுக்கு முன்னாடி ஜோடிக்காரன் நம்ம வாரு, கொக்கி, முடிச்சு எல்லாத்தையும் தொட்டுப் பாத்துச் சரி பண்ணணும். தொட்டு. கண்ணால பாத்தாப் போதாதாம். எடை பாத்து ஜோடி சேத்ததுல எனக்கு ஜோடி அங்கமுத்து. அவன் என்ற இடுப்புல, தொடையில எல்லாம் கை வெச்சு இழுத்துப் பாக்கணும். நான் என்ன பண்ணுவேன், அந்தப் பொண்ணு அக்கட்ட திரும்பினதும், “எல்லாம் சரியா இருக்குது போ”ன்னு அவனைத் தள்ளி விட்ருவேன். அவனும் கண்ணாலயே மேலயும் கீழயும் பாத்துக்கிட்டு நிப்பான்.

ரெண்டாவது, மரத்துல இருக்கறப்ப சார், அய்யா, அண்ணா, ஒண்ணும் கெடையாது. பேரு மட்டும். மேல இருக்கறவன் வெட்டறதுக்கு முன்னாடி கீழ இருக்கறவன் பேரைச் சொல்லி, “வெட்டப்போறேன்”னு குரல் குடுக்கணும். கீழ இருக்கறவன் தள்ளி நிக்கறானா, வேற யாராச்சும் வர்றாங்களான்னு பாத்துட்டு, மேல இருக்கறவன் பேரைச் சொல்லிச் “சரி”ங்கணும். அந்தப் பதில் காதுல விழுந்த பிறகுதான் ரம்பத்தை வெக்கணும். விழுகலைன்னா மறுபடியும் கூப்பிடணும்.

மொத தடவை நான் மேல இருந்து, “அங்கமுத்து, வெட்டப்போறேன்”னு சொன்னேன். கீழ இருந்து அவன் தொண்டையத் தொறந்து, “வெள்ளிங்கிரி, சரி!”ங்கறான். கேன்டீன் வரைக்கும் கேக்குது. டீ குடிச்சிட்டு நின்ன ஸ்பின்னிங் பொண்ணுங்க எல்லாம் திரும்பிப் பாக்குதுங்க.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிப்போச்சு. பத்தொம்பது வருசத்துல மேனேஜரே என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லை. கீழ எறங்கினதும் தனியாக் கூட்டிட்டுப் போயி, “ஏப்பா, அந்தப் பொண்ணு ஆயிரம் சொல்லும், உனக்கு அறிவு வேண்டாமா? ஊரே பாக்கப் பேரைச் சொல்லிக் கத்தற?”ன்னேன்.

“சட்டமுன்னு சொன்னாங்கங்க, அதான்”னான்.

“சட்டம் அவங்களுக்கு. நீ மெதுவாச் சொன்னாப் போதும்.”

“சரிங்க.”

அதுல இருந்து அவன் மெதுவாத்தான் சொல்லுவான். “சரிங்க”ன்னு, தனக்குத்தானே சொல்லிக்கற மாதிரி. எனக்கு அது பாதி நேரம் காதுலயே விழுகாது. விழுகலைன்னாக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்க முடியுங்களா? அவன் சரின்னு சொன்னாத்தான் நான் கை அசைக்கணும்னா அப்பறம் பிட்டரு யாரு, தோட்டக்காரன் யாரு? நான் பாட்டுக்கு வெட்டுவேன். பின்னப் பின்னக் கூப்பிடறதையே விட்டுட்டேன். அவன் பாத்துத் தள்ளி நின்னுக்குவான். நல்லாத்தான் போச்சு, ஒண்ணும் ஆகலை.

ஒருநாள் அந்தப் பொண்ணு பாத்துருச்சு. “வெள்ளிங்கிரி, ரம்பத்தை உறையில போடுங்க, எறங்குங்க”ன்னு கீழ இருந்து சொல்லுது. எறங்கினேன். கத்தலை, திட்டலை. “பதில் வந்துச்சா?”ன்னுச்சு. “வந்துச்சு”ன்னேன். அங்கமுத்து பக்கம் திரும்பி, “குடுத்தீங்களா?”ன்னுச்சு. அவன், “குடுத்தனுங்க”ன்னுட்டான். பாத்தீங்களா, பொய் சொல்றது அவனுக்குப் புதுசில்லை. எனக்கு நல்லது பண்றதா நெனப்பு.

அஞ்சாவது வாரம் அது நடந்துச்சு. ஆனி கடைசி, காத்து ஆரம்பிச்சிருச்சு. மறுநாள் எங்களுக்குப் பரீட்சை. அந்தப் பொண்ணு மத்த ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுக் கேன்டீனுக்குப் பின்னாடி இருந்த மரத்துக்குப் போயிருந்துச்சு. நானும் அவனும் டைம் ஆபீஸ் மரத்துல. ஒரே ஒரு கொப்புதான் பாக்கி. தொடை மொத்தம், பதினஞ்சு அடி நீளம்.

அந்த மாதிரிக் கொப்பை எடுக்கறதுக்கு மூணு வெட்டு வெட்டணும். மொதல்ல அடிப்பக்கம் கால்வாசி. பொறகு ஒரு சாண் தள்ளி மேல இருந்து. அப்பத்தான் பட்டை உரியாம நறுக்குன்னு முறிஞ்சு நேராக் கீழ விழுகும். மிச்சத்தை அடிமரத்தோட சேர்ற கழுத்தோரமா வெச்சு எடுக்கணும். இதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. தெரியும். பரீட்சையில கேட்டா எழுதிப்போடுவேன். ஆனா அடிவெட்டு வெக்கணும்னா, மல்லாந்து சாஞ்சு கையை அடியில விடணும். அங்க பூரா எறும்பு. கருகருன்னு ஊருது. மூணு நாளா கையெல்லாம் தடிச்சுக் கெடந்துச்சு. மேல இருந்தே வெட்டிக்கலாம்னு வெச்சுட்டேன். கோடாலிக்காரனெல்லாம் அப்படித்தானே வெட்டறான்?

குரல்? குரல் குடுக்கலை. அதான் சொன்னேனே, விட்டுட்டேன்னு.

பாதி கூட அறுத்திருக்க மாட்டேன். கொப்பு கீழ விழுகலை. பட்டையை உரிச்சுக்கிட்டு, கதவு தொறக்கற மாதிரி அப்படியே அடிமரத்துப் பக்கமா வீசுச்சு. கீழ ஒரு சத்தம். மாவு மூட்டையப் போட்ட மாதிரி. குனிஞ்சு பாத்தேன். அங்கமுத்து அடிமரத்துல சாஞ்ச மாதிரி உக்காந்திருக்கான். ஹெல்மெட்டு ரெண்டாப் பொளந்து கெடக்குது. அவன் கையில கயிறு.

என்ற கயிறுங்க. கீழ வேருல மாட்டிச் சிக்கிக்கிட்டிருந்துச்சு. நான் எறங்கறப்ப இழுத்துக்கிட்டுக் கெடப்பேன்னு எடுத்து விட வந்திருக்கான்.

எப்படி எறங்கினேன்னு தெரியலை. அந்தப் பொண்ணு ஓடியாந்து, “தூக்காதீங்க, யாரும் தூக்காதீங்க”ன்னு சொல்லி, பலகையைக் கொண்டாரச் சொல்லி, அவன் கழுத்தைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு. ஆம்புலன்ஸ் வந்துச்சு. இடுப்பெலும்பு ரெண்டு எடத்துல, தொடை எலும்பு ஒண்ணு, தோள்பட்டை. ஸ்ட்ரெச்சர்ல ஏத்தறப்ப சேப்டி ஆபீசர் குனிஞ்சு, “என்னய்யா ஆச்சு?”ன்னாரு. நான் பக்கத்துலதான் நிக்கறேன். வாய் தொறக்கறதுக்குள்ள அவன் சொல்றான், “பிட்டரு குரல் குடுத்தாருங்க. மூணு தடவை குடுத்தாரு. நாந்தான் காதுல வாங்காம உள்ள போயிட்டனுங்க.”

நான் என்ன பண்றதுங்க? அடிபட்டுக் கெடக்கறவனைப் பொய் சொல்றான்னு சொல்ல முடியுமா? நீங்களா இருந்தாச் சொல்லியிருப்பீங்களா?

சொல்லுங்க. சொல்லியிருப்பீங்களா?

சரி விடுங்க.

அன்னிக்கே இங்க வந்தேன். அவன் பொண்டாட்டி செல்லக்கிளி சூலூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில வேலை. லீவு போட்டா எடத்தை எடுத்துருவாங்க. மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைதான் வர முடியும். மத்த நேரத்துக்கு ஆளு வேணுமில்லீங்க? நான் மில்லுல லீவு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். ஊட்டுல கேட்டா, “மனுசனுக்கு மனுசன்”னு சொல்லி வெச்சிருக்கேன்.

மூணாம் நாள் அவனுக்கு ஆபரேசன் முடிஞ்சு நெனவு வந்துச்சு. யாருமில்லாதப்ப கேட்டேன். “ஏப்பா, எதுக்குப் பொய் சொன்ன? என்ன வேணும் உனக்கு?”ன்னு. அவன் என்ன சொல்லியிருக்கணும்? ஏதாச்சும் கேட்டிருக்கணும். அதுக்குத் தயாராத்தான் வந்திருந்தேன். அவன் மெதுவா, “நீங்க எறங்கி வந்தீங்களே, அப்ப உங்க மூஞ்சியப் பாக்க முடியலைங்க. பாவமா இருந்துச்சு. அதான் வாயில வந்ததைச் சொல்லிட்டனுங்க”ன்னான்.

பாவமா இருந்துச்சாம்! இடுப்பு ஒடிஞ்சு கெடக்கறவன் என்னையப் பாத்துப் பாவப்படறான். என்னை! எனக்கு எப்படியிருந்துச்சுன்னு சொன்னா உங்களுக்குப் புரியாது. அவன் துண்டை எடுத்து என்ற வாயில திணிச்ச மாதிரி இருந்துச்சு.

அவன் பொண்டாட்டி அதுக்கு மேல. தினமும் எனக்கும் சேத்துச் சோறு கட்டியாரா. “அண்ணா, நீங்க குரல் குடுத்தும் இந்த மனுசன் போயி விழுந்திருக்காரு. அப்படியிருந்தும் வேலையைப் போட்டுட்டு வந்து பீ மூத்திரம் எடுக்கறீங்க. கூடப் பொறந்தவன் செய்ய மாட்டான்”னு சொல்லிச் சொல்லி வட்டல்ல போடுவா. முட்டை வேற. பண்ணையில இருந்து கொண்டாருவா போல. நான் ரெண்டு வாய் வெப்பேன். அவ அந்தப் பக்கம் திரும்பினதும் கக்கூசுல கொண்டுபோயிக் கொட்டிட்டு வந்து, வட்டலைக் கழுவி வெச்சிருவேன். அவ பாத்துட்டு, “நல்லாப் பசி போல”ம்பா.

அஞ்சாம் நாள் ஜெனோவா வந்துச்சு. போனுல ஒரு போட்டோ. வெட்டின எடம். பட்டை ஆறடிக்கு உரிஞ்சு தொங்குது. அதை எனக்கு முன்னாடி வெச்சு, “அடிவெட்டு எங்கண்ணா?”ன்னுச்சு. நான் போனை அதுங்கிட்டயே திருப்பி நீட்டினேன். வாங்கிப் பையில போட்டுக்கிட்டே, “என் மேலயும் தப்பிருக்கு. நீங்க பதிலுக்கு நிக்காம வெட்டினதை ஒரு தடவை கண்ணால பாத்தேன். அன்னைக்கே உங்களை நிறுத்தியிருக்கணும். அதை மேனேஜ்மென்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கேன்”னுச்சு.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்குதே! பாத்துக்குங்க, தப்புப் பண்ணினது நான். அதை அவன் பாதி தூக்கிட்டுப் போறான், இது பாதி தூக்கிட்டுப் போகுது. எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வெக்க மாட்டாங்களாமா? இவங்கெல்லாம் யாரு? நான் கேட்டேனா?

என்ன சொன்னேன்? தப்புப் பண்ணினது நான்னா? ஆமா, சொன்னேன். பேச்சு வாக்குல வந்திருச்சு.

இன்னிக்குக் காலையில பத்து மணிக்குச் சேப்டி ஆபீசர் வந்தாரு. டைப் அடிச்ச காயிதம். “எச்சரிக்கை கொடுத்தும் அதை மீறித் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் சென்றதால்”னு ஆரம்பிக்குது. அங்கமுத்துக்கு வலது தோளு கட்டியிருக்குதில்ல, எடது கையால பேரு எழுதறான். ஒவ்வொரு எழுத்தா. நாக்கைக் கடிச்சுக்கிட்டு. நான் ஆபீசருகிட்ட, “இதுல கையெழுத்துப் போட்டா என்ன ஆகுமுங்க?”ன்னேன். “ஒண்ணுமில்லை வெள்ளிங்கிரி. பைலை மூடிருவோம். வைத்தியம் பாத்துருவாங்க. சேப்டி ரூல் மீறின ஆளுன்னு காண்ட்ராக்டர் லிஸ்ட்டுல இருந்து இவர் பேரை எடுத்துருவாரு. உங்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்லை. இந்தாங்க, சாட்சியா நீங்க போடுங்க”ன்னு பேனாவை நீட்டறாரு.

எழுதி முடிச்ச அவன் தலையாட்டறான். போடுங்கங்கற மாதிரி.

அந்தப் பேனா பூரா வேர்வை. அவன் புடிச்சிருந்த பேனா. வாந்திதான் வருதுன்னு நெனச்சேன். வாயைத் தொறந்தா, “நான் குரல் குடுக்கலைங்க”ன்னு வந்திருச்சு. “ஒரு தடவைகூடக் குடுக்கலை. ரெண்டு வாரமாவே குடுத்ததில்லை. அடிவெட்டும் வெக்கலை. அவன் என்ற கயித்தை எடுத்து விடத்தான் உள்ள வந்தான்.”

ஆபீசர் மூஞ்சி சுருங்கிப்போச்சு. “யோவ், எல்லாம் முடிஞ்ச நேரத்துல என்னய்யா இது? இப்ப மறுபடியும் மொதல்ல இருந்து எழுதணும். உனக்குச் சஸ்பென்சன் வரும், தெரியுமில்ல?”ன்னாரு. காயிதத்தை நாலா மடிச்சுப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. நல்லது பண்ணினேன்னு ஒரு வார்த்தை? ம்ஹூம். உண்மையைச் சொன்னா நெஞ்சு லேசாயிரும்பாங்கல்ல? அதெல்லாம் சும்மா. ஒண்ணும் லேசாகலை. அப்படியேதான் கெடக்குது, கல்லாட்டம்.

அங்கமுத்து கண்ண மூடிக்கிட்டான். “ஏனுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க”ன்னான். அவ்வளவுதான்.

திரும்பிப் பாக்கறேன், கதவுகிட்ட செல்லக்கிளி நிக்கறா. கையில சோத்துக் கேரியரு. இன்னிக்கு எப்படியோ சீக்கிரமா வந்துட்டா. எவ்வளவு நேரமா நிக்கறான்னு தெரியலை. என்ற கிட்ட வந்து, “கூப்பிடவே இல்லீங்களா?”ன்னா.

“இல்லீங்க”ன்னேன். அவளை நான் வாங்க போங்கன்னு பேசினது அதுதான் மொத தடவை. ஏன் அப்படி வந்துச்சுன்னு தெரியலை.

“ஏன்?”னா.

ஏன்னு கேட்டா என்னத்தைச் சொல்ல? எறும்புன்னு சொல்றதா? பொகையில வாடைன்னு சொல்றதா? உன்ற புருசன் என்ற பேரைச் சொன்னான்னு சொல்றதா? ஒவ்வொண்ணா வாய் வரைக்கும் வந்துச்சு. ஒண்ணும் சொல்ற மாதிரி இல்லை.

அவ அழுகலை, வையலை. “வெளிய இருங்க”ன்னா. கேரியரைத் தொறந்து அவனுக்கு மட்டும் ஊட்டினா. நான் வந்து இங்க உக்காந்துட்டேன். ஊட்டுக்குப் போயிருக்கலாம். பஸ்ஸு அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணு போகுது. இனி எனக்கு இங்க என்ன வேலை? எனக்கே தெரியலை. சும்மா உக்காந்திருக்கேன்.

அந்த ஜெனோவாவுக்குப் போன் பண்ணினேன், சொல்லிப்புடலாம்னு. எல்லாத்தையும் கேட்டுட்டு, “சரிண்ணா”ன்னுச்சு. “இனி உங்களை அந்த மில்லுல மரத்துல ஏத்த மாட்டாங்க. ஆனா நீங்க வர்றதா இருந்தா நான் மொதல் நாள்ல இருந்து சொல்லித் தர்றேன். தரையில இருந்து”ன்னுச்சு. நான் போனை வெச்சுட்டேன். யாரு போவா மறுபடியும் அந்தக் கருமத்துக்கு?

இருங்க, இருங்க. கதவைத் தொறக்கறாங்க.

செல்லக்கிளிதான்.

என்னங்க? ... ஆ, சரிங்க. ஆமா, ரெண்டு மணி நேரம் ஆயிப்போச்சு.

ஒண்ணுமில்லீங்க, திருப்பிப் படுக்க வெக்கணுமாம். முதுகு புண்ணாயிரும்னு நர்சம்மா சொல்லியிருக்காங்க. இடுப்பு ஆடாம, பலகையாட்டம் மொத்தமாத் திருப்பணும். ஒரு ஆளால ஆகாது. “வந்து ஒரு கை புடிங்க”ன்னு சொல்றா. அண்ணான்னு சொல்லலை, கேட்டீங்கல்ல? பரவாயில்லை.

என்ற செருப்பு இங்கயே கெடக்கட்டும். சித்தெ பாத்துக்குங்க.